இரண்டு ஃபோட்டான் சேர்ந்தால்தான் வெளிச்சம்: உயிருள்ள திசுவுக்குள் பார்க்கும் நுண்ணோக்கி

இருட்டில் கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு அதன் மேல் விரலை அழுத்தி வைத்துப் பாருங்கள். விரல் நுனி செக்கச்செவேலென்று ஒளிரும். அதாவது, ஒளி ஒரு பக்கம் நுழைந்து சதை, ரத்தம் எல்லாவற்றையும் தாண்டி மறுபக்கம் வந்துவிட்டது. அப்படியானால் உள்ளே இருக்கும் எலும்பு ஏன் தெரியவில்லை? ரத்த நாளங்களாவது கோடு கோடாகத் தெரியக் கூடாதா?

வெளிச்சம் போதாமல் இல்லை, தாராளமாகவே வருகிறது. ஆனால் எந்த வழியாக வந்தோம் என்பதைத் தொலைத்துவிட்டு வருகிறது. செல் சவ்வு, கொழுப்புத் துளி, புரத நார் என்று திசுவுக்குள் ஒளிவிலகல் எண் மாறும் இடங்கள் ஏராளம். ஒவ்வோர் இடத்திலும் ஒளி கொஞ்சம் திசை மாறும். கொஞ்ச தூரத்திலேயே அது எங்கே கிளம்பியது, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்ற அடையாளமே இல்லாமல் போய்விடும். இதைத்தான் சிதறல் என்கிறோம். பாலுக்குள் போட்ட ஸ்பூன் தெரியாததற்கும் இதுவே காரணம். பாலில் ஒளியை விழுங்கும் பொருள் அதிகம் இல்லை, சிதறடிக்கும் பொருள்தான் அதிகம்.

விரல் சோதனையில் இன்னொரு சேதியும் இருக்கிறது. டார்ச் வெளிச்சம் வெள்ளை, வெளியே வந்ததோ சிவப்பு. நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது, அலைநீளம் அதிகமுள்ள சிவப்பு தப்பித்து வருகிறது. சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக்கு வழி இன்னும் சுலபம். விழுங்கப்படுவதும் குறைவு, சிதறுவதும் குறைவு.

உயிரோடு இருக்கும் ஒரு எலியின் மூளைக்குள், தோலுக்குள், நிணநீர் முடிச்சுக்குள் செல் செல்லாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும். ஒன்று, ஒளி வழி தவறும். இரண்டு, அகச்சிவப்பு ஓரளவு நேராகப் போகும். மல்டிஃபோட்டான் நுண்ணோக்கி முதல் சிக்கலைத் தீர்க்கவே முயலவில்லை என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம். சிதறினால் சிதறட்டும் என்று விட்டுவிட்டு வேறு பக்கமாகப் போய்க் காரியத்தைச் சாதிக்கிறது.

முதலில் கன்ஃபோகல்

செல்கள் பெரும்பாலும் நிறமற்றவை. அதனால் பார்க்க வேண்டிய பகுதியில் ஒளிரும் மூலக்கூறு ஒன்றைச் சேர்ப்பார்கள். சாயமாகச் சேர்க்கலாம், அல்லது மரபணு வழியாகச் செல்லையே அதைத் தயாரிக்க வைக்கலாம். ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிர் புரதம் இதில் பெயர் பெற்றது. ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008-இல் வேதியியல் நோபல் பரிசு இதற்காகத்தான் கிடைத்தது. நீல ஒளியின் ஒரு ஃபோட்டானை, அதாவது ஒரு பொட்டலம் ஆற்றலை, இந்தப் புரதம் விழுங்கும். சில நானோ வினாடிகளில் அதைவிடச் சற்று ஆற்றல் குறைந்த பச்சை ஃபோட்டானை உமிழும். நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் வடிகட்டி ஒன்றைப் போட்டால், கறுப்புப் பின்னணியில் செல் பளிச்சென்று தெரியும்.

மெல்லிய மாதிரிக்கு இது போதும். தடித்த திசுவில் வம்பு. நீல ஒளியை லென்ஸ் ஒரு புள்ளியில் குவிக்கிறது என்றாலும், அந்தப் புள்ளிக்கு மேலேயும் கீழேயும் ஒளிக்கூம்பு பாயும் இடமெல்லாம் சாயம் ஒளிரும். பார்க்க வேண்டியது ஒரு மெல்லிய தளம், ஒளிர்வதோ மொத்தத் தடிமனும். படம் மங்கிவிடும்.

இதற்கு மார்வின் மின்ஸ்கி ஒரு வழி சொன்னார். செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி என்று பின்னாளில் பெயரெடுத்த அதே மின்ஸ்கிதான். 1957-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கன்ஃபோகல் நுண்ணோக்கியில், ஒளியுணர்விக்கு முன்னால் ஓர் ஊசித்துளை இருக்கும். குவியப் புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி மட்டும் சரியாகத் துளைக்குள் நுழையும். மேலே, கீழே இருந்து வருவது துளைக்கு வெளியே மோதி நின்றுவிடும்.

அருமையான யோசனைதான். இன்றைக்கும் உயிரியல் ஆய்வகங்களில் அன்றாடம் ஓடுவது கன்ஃபோகல்தான். ஆனால் ஆழமாகப் போகப் போக அதில் இரண்டு நஷ்டம். ஒரு தளத்தைப் படமெடுக்க மொத்தத் தடிமனுக்கும் ஒளியைக் காட்ட வேண்டியிருக்கிறது. படத்துக்கு உதவாத இடத்திலும் சாயம் வெளுக்கிறது, செல் அடிபடுகிறது. அடுத்த நஷ்டம் இன்னும் பெரியது. குவியப் புள்ளியிலிருந்து கிளம்பிய நல்ல ஒளியும் வரும் வழியில் சிதறித் திசை மாறும். அது ஊசித்துளையைத் தவறவிடும். மேலே உள்ள தளத்திலிருந்து சிதறிய குப்பை ஒளி தற்செயலாகத் துளைக்குள் நுழையவும் செய்யும். ஊசித்துளையால் திசையைத்தான் பார்க்க முடியும், பிறந்த இடத்தைப் பார்க்க முடியாது. மூளை போன்ற திசுவில் 100 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டும்போதே கன்ஃபோகல் தடுமாறத் தொடங்கிவிடும். ஒரு தாளின் தடிமன் அவ்வளவுதான்.

1931-இல் எழுதியது, 1961-இல் பார்த்தது

ஜெர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மரியா கோப்பர்ட் மேயர் என்ற இளம் இயற்பியலாளர் தன் முனைவர் பட்டத்துக்காக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரு மூலக்கூறு கிளர்ச்சி அடையக் குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவை. அந்த ஆற்றலை ஒரே ஃபோட்டானிடமிருந்துதான் வாங்க வேண்டுமா? பாதி ஆற்றலுள்ள இரண்டு ஃபோட்டான்கள் ஒரே சமயத்தில் வந்தால் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளாதா? வாங்கிக்கொள்ளும் என்று குவாண்டம் கோட்பாட்டின் வழியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1931-இல் கட்டுரை அச்சில் வந்தது.

அணுக்கருவின் கூடு மாதிரிக்காக 1963-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மேரி கியூரிக்குப் பிறகு இயற்பியலில் அதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர்தான். முழு ஊதியம் தரும் பேராசிரியர் பதவி அவருக்கு வாய்த்ததே 1960-இல்தான், அதுவரை ஒப்புக்குச் சில பதவிகள். இரு ஃபோட்டான் உட்கவர்தலின் வலிமையை அளக்கும் அலகுக்கு இன்று அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இங்கே 'ஒரே சமயத்தில்' என்று சொன்னதைக் கொஞ்சம் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ஃபோட்டானை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்ததற்காக மூலக்கூறு காத்திருக்க முடியாது. நடுவில் நிற்பதற்கு அங்கே ஆற்றல் படி எதுவும் இல்லை. இரண்டும் ஒரு ஃபெம்டோ வினாடிக்கும் குறைவான இடைவெளியில் வந்தாக வேண்டும். ஃபெம்டோ வினாடி என்பது ஒரு வினாடியை 10 லட்சம் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு கூறை மறுபடி நூறாகப் பிரித்தால் கிடைப்பது.

இது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு இந்தத் துறை ஆய்வாளர்களான வின்ஃப்ரீட் டெங்க்கும் காரல் ஸ்வோபோடாவும் ஒரு கணக்குச் சொல்வார்கள். ரோடமின் என்ற ஒளிரும் சாயத்தின் ஒரு மூலக்கூறை நல்ல வெயிலில் வையுங்கள். வழக்கமான முறையில் வினாடிக்கு ஒரு தடவை போல ஒரு ஃபோட்டானை விழுங்கும். இரண்டு ஃபோட்டானைச் சேர்த்து விழுங்க 1 கோடி ஆண்டுக்கு ஒரு தடவைதான் வாய்க்கும். மூன்றைச் சேர்த்து விழுங்குவது பிரபஞ்சத்தின் வயதுக்குள் நடக்காது.

ஆகவே கோப்பர்ட் மேயரின் கணக்கு 30 ஆண்டுகள் காகிதத்திலேயே இருந்ததில் வியப்பில்லை. 1960-இல் லேசர் வந்தது. மறு ஆண்டே பெல் ஆய்வகத்தின் கைசரும் காரெட்டும் யூரோப்பியம் கலந்த கால்சியம் ஃப்ளூரைடு படிகத்தின் மேல் ரூபி லேசரின் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். படிகம் நீலமாக ஒளிர்ந்தது. சிவப்பைக் கொடுத்து அதைவிட ஆற்றல் அதிகமான நீலத்தை வாங்க வேண்டுமென்றால் இரண்டு சிவப்புச் சேர்ந்திருக்க வேண்டும்.

அபூர்வமாக நடப்பதே வசதி

1990-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வின்ஃப்ரீட் டெங்க், ஜேம்ஸ் ஸ்டிரிக்லர், வாட் வெப் மூவரும் இந்த நிகழ்வை நுண்ணோக்கிக்குள் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் பட்டது இதுதான்: இவ்வளவு அபூர்வமாக நடக்கும் ஒன்று, ஒளி மிக நெருக்கமாகக் குவிந்த இடத்தில் மட்டுமே நடக்கும். அப்படியானால் ஊசித்துளை எதற்கு?

கணக்கை நிதானமாகப் பார்ப்போம். சாதாரண ஒளிர்வில் ஒளியின் செறிவை இரட்டித்தால் ஒளிர்வும் இரட்டிக்கும். இரண்டு ஃபோட்டான் தேவைப்படும்போது செறிவை இரட்டித்தால் ஒளிர்வு நான்கு மடங்காகும், மூன்று மடங்காக்கினால் ஒன்பது மடங்காகும். செறிவின் வர்க்கம்.

இப்போது ஒளிக்கூம்பை நினைத்துக்கொள்ளுங்கள். குவியத்திலிருந்து விலகிய ஒரு தளத்தை எடுத்துக்கொண்டு, அதைவிட இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் தளத்தோடு ஒப்பிடுவோம். தள்ளியிருக்கும் தளத்தில் ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவியிருக்கும், செறிவு கால் பங்காகியிருக்கும். சாதாரண முறையில் அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் கால் பங்குதான் ஒளிரும், ஆனால் நான்கு மடங்கு மூலக்கூறுகள் ஒளிரும். கூட்டிப் பார்த்தால் இரண்டு தளமும் சமமாகவே ஒளிர்கின்றன. படம் மங்குவதன் மூலகாரணம் இதுதான். எந்தத் தளமும் மற்றதற்குச் சளைத்ததில்லை. இரு ஃபோட்டான் முறையில் செறிவு கால் பங்கானால் ஒளிர்வு பதினாறில் ஒரு பங்காகும். நான்கு மடங்கு மூலக்கூறுகளைச் சேர்த்தாலும் மொத்தம் கால் பங்குதான். குவியத்தை விட்டு விலக விலக ஒவ்வொரு தளமும் வேகமாக அடங்கிக்கொண்டே போகும். மிஞ்சுவது குவியத்தில் ஒரு சின்னஞ்சிறு புள்ளி. நல்ல லென்ஸ் இருந்தால் அதன் கன அளவு ஒரு பாக்டீரியாவின் அளவைத் தாண்டாது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃப்ளூரசீன் சாயம் கரைத்த நீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, ஒரு பக்கம் நீல லேசரையும் இன்னொரு பக்கம் அகச்சிவப்பு லேசரையும் லென்ஸ் வழியாகக் குவித்துக் காட்டும் செய்முறை ஒன்று இந்தத் துறையில் பிரபலம். நீல லேசர் போகும் இடமெல்லாம் பச்சைப் பட்டை ஒன்று நடுவில் இடுப்புச் சிறுத்துத் தெரியும். அகச்சிவப்புப் பக்கம் குப்பி இருட்டாக இருக்கும், நடுவில் மட்டும் ஒரு பச்சைப் பொட்டு.

அந்தப் பொட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும். ஒரு கணத்தில் திசு முழுவதிலும் ஒளிரும் இடம் அது ஒன்றுதான். ஆகவே அந்தக் கணத்தில் வெளியே வரும் எந்தப் பச்சை ஃபோட்டானும் அங்கே பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். அது நேராக வந்ததா, பத்து இடத்தில் முட்டி மோதிச் சுற்றி வந்ததா என்பது யாருக்கு வேண்டும்? பிறந்த இடம் முன்பே தெரியும். ஊசித்துளையை எடுத்துவிட்டு, லென்ஸுக்குப் பக்கத்திலேயே பெரிய ஒளியுணர்வி ஒன்றை வைத்து, வருவதையெல்லாம் அள்ளிக்கொள்ளலாம். சிதறிய ஒளி கன்ஃபோகலில் இழப்பு, இங்கே அதுவும் வரவு.

உள்ளே போகும் ஒளி சிதறினாலும் பெரிய பாதகமில்லை. வழி தவறிய அகச்சிவப்பு ஃபோட்டான் தனியாக அலையும். இன்னொரு ஃபோட்டானோடு அது ஒரே இடத்தில் ஒரே கணத்தில் சேர வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. தனியாக இருக்கும் வரை சாயத்தை அதனால் எதுவும் செய்ய முடியாது. வலுக் குறையுமே தவிர, படம் மங்காது.

லேசர் என்ன செய்ய வேண்டியிருக்கிறது

1 கோடி ஆண்டுக்கு ஒரு தடவை நடப்பதை வினாடிக்குப் பல லட்சம் தடவை நடக்க வைக்க வேண்டும். லேசரின் சக்தியைக் கூட்டிக்கொண்டே போனால் திசு வெந்துவிடும். அதனால் அதே சக்தியை நேரத்திலும் குவிக்கிறார்கள்.

இந்த நுண்ணோக்கிகளில் ஓடும் டைட்டானியம் சஃபயர் லேசர் தொடர்ந்து எரிவதில்லை. வினாடிக்குச் சுமார் 8 கோடி துடிப்புகளாக ஒளியை விடுகிறது. ஒவ்வொரு துடிப்பும் 100 ஃபெம்டோ வினாடி நீளம். அந்த நேரத்தில் ஒளியே 30 மைக்ரான்தான் நகரும். ஆக, ஒரு துடிப்பு என்பது தலைமுடியைவிட மெல்லிய ஓர் ஒளித்தகடு. அடுத்த தகடு அதற்கு 3.75 மீட்டர் பின்னால் வருகிறது, நடுவில் வெறும் இருட்டு. நாள் முழுக்க அணைந்தே இருந்து, 24 மணி நேரத்தில் மொத்தமாக முக்கால் வினாடிகூட எரியாத விளக்கு மாதிரி. ஆனால் எரியும்போது நாள் முழுவதற்குமான எண்ணெயையும் எரித்துவிடுகிறது. சராசரியில் 10 மில்லிவாட், சாதாரண லேசர் பாயின்டரைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. துடிப்பின் உச்சத்திலோ 1,000 வாட்டைத் தாண்டும். திசுவைச் சூடாக்குவது சராசரி, ஃபோட்டான்களை ஜோடி சேர்ப்பது உச்சம். அதே சராசரியில் தொடர்ந்து எரியும் லேசரைவிட இது சுமார் 1 லட்சம் மடங்கு இரு ஃபோட்டான் ஒளிர்வைத் தரும்.

1990-இல் கார்னெல் குழு பயன்படுத்தியது திரவச் சாய லேசர். எந்நேரமும் கவனித்துச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டிய ரகம். டைட்டானியம் சஃபயர் ஃபெம்டோ வினாடி லேசர்கள் 1990-களில் சந்தைக்கு வந்த பிறகுதான் இந்த நுண்ணோக்கி இயற்பியலாளர் கையிலிருந்து உயிரியலாளர் கைக்கு மாறியது. கருவியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் லேசர் செய்தவர்களுக்குப் போதிய இடம் தருவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், அலைநீளம். நீல ஒளியின் 488 நானோமீட்டரில் ஒளிரும் சாயத்துக்கு, இரட்டித்து 976 நானோமீட்டர் கொடுத்தால் சரியாக இருக்கும் என்று தோன்றும். தோராயமாக அப்படித்தான். ஆனால் இரண்டு ஃபோட்டானைச் சேர்த்து விழுங்குவதற்கான விதிகள் சற்று வேறு என்பதால், பச்சை ஒளிர் புரதக் குடும்பத்துக்கு நடைமுறையில் 920 நானோமீட்டர் பக்கம்தான் வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி, ஆனால் கண்ணைப் போக்கிவிடும் ஒளி. பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் இந்த ஆய்வகங்களில் யாரும் விளையாடுவதில்லை.

படம் எப்படி உருவாகிறது? கேமராவில் மாதிரி ஒரே 'கிளிக்'கில் வராது. இரண்டு குட்டிக் கண்ணாடிகள் அசைந்து அந்த ஒற்றைப் பொட்டைத் திசுவுக்குள் வரி வரியாக நகர்த்தும். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை ஃபோட்டான் வந்தது என்பதைக் கணினி எண்ணிப் புள்ளி புள்ளியாக நிரப்பும். 512-க்கு 512 என்றால் ஒரு படத்துக்கு 2,62,144 புள்ளிகள். வினாடிக்கு 30 படம் வேண்டுமென்றால் ஒரு புள்ளிக்கு லேசரின் 10 துடிப்புகள்தான் கிடைக்கும். அந்தப் பத்தில் விரல் விட்டு எண்ணும்படி சில பச்சை ஃபோட்டான்கள் வரும். அதனால்தான் ஆய்வகத்தில் விளக்கை அணைத்து, கணினித் திரையின் வெளிச்சம்கூடப் படாமல் கறுப்புத் துணி போட்டு மூடிவைப்பார்கள். ஆழத்துக்குப் போக, லென்ஸைக் கொஞ்சம் கீழே இறக்கி அடுத்த தளத்தை எடுப்பார்கள். அடுக்கடுக்காகச் சேர்த்தால் முப்பரிமாணப் படம்.

வெள்ளெலிக் கருவும் மூளையின் காவல்காரர்களும்

'உயிருள்ள செல்லைப் பார்க்கலாம்' என்று எல்லாக் கருவி விற்பனையாளர்களும் சொல்வார்கள். பார்த்த பிறகும் அது உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி. இதைச் சோதிக்க 1999-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு வெள்ளெலிக் கருக்களை எடுத்துக்கொண்டது. வெள்ளெலிக் கரு மிகவும் தொட்டாற்சிணுங்கி, ஒளி பட்டாலே வளர்ச்சி நின்றுவிடும். கன்ஃபோகலில் 8 மணி நேரம் படமெடுத்த கருக்கள் வளரவில்லை. 1,047 நானோமீட்டர் லேசரைக் கொண்டு இரு ஃபோட்டான் முறையில் 24 மணி நேரம் படமெடுத்தும் கருக்கள் வளர்ந்தன. தாயின் கருப்பைக்கு மாற்றியபோது குட்டியும் பிறந்தது. ஒளி ஒரு புள்ளியைத் தவிர வேறெங்கும் விழுங்கப்படாததன் பலன் இது. எத்தனை வரைபடம் போட்டாலும் இந்தக் குட்டி சொல்வதைச் சொல்லிவிட முடியாது.

நரம்பியலில் இதன் செல்வாக்கு இன்னும் பெரியது. மூளையில் நியூரான்களைத் தவிர மைக்ரோகிளியா என்ற செல்கள் உண்டு. மூளையின் நோயெதிர்ப்பு வேலை அவற்றுடையது. காயமோ கிருமியோ வரும் வரை அவை சும்மா 'ஓய்வில்' இருக்கின்றன என்று பாடநூல்கள் எழுதிவந்தன. இறந்த திசுவைச் சீவி, பதப்படுத்தி, சாயமேற்றிப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். இறந்த செல்லில் எது அசையும்?

2005-இல் இரண்டு குழுக்கள், ஒன்றைத் தொட்டு ஒன்று, உயிருள்ள எலியின் மூளையில் மைக்ரோகிளியாவைப் பார்த்தன. மைக்ரோகிளியா மட்டும் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றிய எலிகள். மண்டை ஓட்டைத் திறக்காமல், ஓரிடத்தில் மட்டும் கண்ணாடி மாதிரி ஒளி புகும் அளவுக்கு இழைத்து மெல்லியதாக்கி, அதன் வழியாக உள்ளே பார்த்தார்கள். செல்லின் உடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்து நீளும் மெல்லிய கிளைகள் ஒரு நிமிடம் சும்மா இல்லை. நீள்வதும் சுருங்குவதும், பக்கத்து இடத்தைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தன. இந்த வேகத்தில் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மூளைத் திசு முழுவதையும் அவை தடவிப் பார்த்துவிடும் என்று கணக்கிட்டார்கள். 'ஓய்வு' என்ற பட்டம் அன்றோடு போயிற்று.

அதே சோதனையில் லேசரின் சக்தியைக் கூட்டி ஒரு புள்ளியில் மட்டும் நுண்ணிய காயம் ஏற்படுத்தினார்கள். குவியம் மட்டும் பாதிக்கப்படும் என்பதால், பக்கத்துச் செல்லைத் தொடாமல் காயம் செய்யவும் இதே கருவி உதவும். சில நிமிடங்களில் சுற்றியுள்ள மைக்ரோகிளியாவின் கிளைகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் அந்த இடத்தை நோக்கி நீண்டன. அரை மணி நேரத்தில் காயத்தைச் சூழ்ந்து வேலி போட்டுவிட்டன.

இதேபோல், 2002-இல் நிணநீர் முடிச்சுக்குள் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரான் வேகத்தில் அலைந்து திரிவதைப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்தில் தன் உடல் நீளத்துக்கும் மேல் நகர்கிறது. நியூரான் வேலை செய்கையில் அதற்குள் கால்சியம் ஏறும். அப்போது பளிச்சிடும் புரதங்கள் வந்த பிறகு, விழித்திருக்கும் எலியின் மூளையில் நூற்றுக்கணக்கான நியூரான்கள் எது எப்போது வேலை செய்கிறது என்று பார்ப்பது அன்றாட வேலையாகிவிட்டது. டெங்க், ஸ்வோபோடா, ஆர்தர் கொனெர்ட், டேவிட் டேங்க் நால்வருக்கும் 2015-இல் மூளை ஆய்வுக்கான 'பிரெய்ன் பரிசு' கிடைத்தது.

ஆனாலும் 'உயிருள்ள மூளை' என்று ஆய்வுக் கட்டுரையில் படிக்கும்போது கொஞ்சம் நிதானித்துப் படிப்பது நல்லது. எலியின் தலை இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். பல சோதனைகளில் மண்டை ஓட்டில் ஒரு வட்டத்தை வெட்டியெடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்திருப்பார்கள். அந்த அறுவையே சில வாரங்களுக்கு மைக்ரோகிளியாவைக் கிளறிவிடும் என்பது பின்னால் தெரியவந்தது. மயக்க மருந்து கொடுத்திருந்தால் நியூரான்களின் நடத்தையும் வேறு. நல்ல கட்டுரைகள் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடும்.

எவ்வளவு ஆழம்?

எலி மூளையின் மேலடுக்கான புறணியில் 900 நானோமீட்டர் பக்கமுள்ள ஒளி, சுமார் 150 முதல் 200 மைக்ரானுக்கு ஒரு தடவை சிதறும். 200 என்றே வைத்துக்கொள்வோம். 600 மைக்ரான் ஆழத்தில், அதாவது மூன்று சிதறல் நீளம் தாண்டி, போட்ட ஒளியில் 5 சதவீதம்தான் நேராகப் போய்ச் சேரும். மேற்பரப்பில் கிடைத்த அதே பிரகாசம் வேண்டுமென்றால் லேசரை 20 மடங்கு கூட்ட வேண்டும். கூட்டினால் சூடு. எலி மூளையில் 100 மில்லிவாட்டைத் தொடர்ந்து பாய்ச்சினால் ஏறத்தாழ 2 டிகிரி ஏறும் என்று அளந்திருக்கிறார்கள். மூளைக்கு அது சிறிய எண் இல்லை.

சூட்டைச் சமாளித்தாலும் இன்னொரு சுவர் இருக்கிறது. லேசரை அவ்வளவு கூட்டும்போது மேற்பரப்பில் ஒளி விரிந்து பரவியிருந்தாலும், அங்கேயே ஃபோட்டான்கள் ஜோடி சேரத் தொடங்கிவிடும். ஒரு பொட்டு மட்டுமே ஒளிரும் என்ற மொத்தக் கட்டுமானமும் அப்போது ஆட்டம் காணும். நல்ல ஒளிர்வுள்ள மாதிரியில் 500 முதல் 800 மைக்ரான் சுலபம், பாடுபட்டால் 1 மில்லிமீட்டர்.

அதையும் தாண்ட, மூன்று ஃபோட்டான். ஒளிர்வு இப்போது செறிவின் மும்மடி, அதாவது செறிவை இரட்டித்தால் எட்டு மடங்கு. தள்ளியுள்ள தளங்கள் இன்னும் வேகமாக இருண்டுவிடும். தேவைப்படும் ஒளியும் 1,300 அல்லது 1,700 நானோமீட்டர், சிதறல் இன்னும் குறைவு. ஏன் நடுவில் 1,450 வைக்கக் கூடாது? அங்கே தண்ணீர் ஒளியை விழுங்கிவிடும், மூளையில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தானே. 2013-இல் கார்னெலில் கிரிஸ் ஷூவின் குழு 1,700 நானோமீட்டர் பக்கம் வைத்து, புறணியை வெட்டி எடுக்காமலேயே அதற்குக் கீழே இருக்கும், நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வரை பார்த்துவிட்டது.

மூன்று ஃபோட்டான் ஆழத்துக்கு மட்டும்தான் என்றில்லை. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருள் தானாகவே ஒளிரும், ஆனால் அதைத் தூண்ட ஆழ்ந்த புற ஊதா வேண்டும். அந்த ஒளி செல்லைக் கொன்றுவிடும். 1997-இல் வாட் வெப்பின் ஆய்வகத்தில் சுதிப்த மைத்தியும் சக ஆய்வாளர்களும் மூன்று அகச்சிவப்பு ஃபோட்டான்களைச் சேர்த்து அந்த வேலையை முடித்தார்கள். உயிருள்ள செல்லுக்குள் செரோடோனின் சேமித்து வைத்திருக்கும் நுண்பைகள் சாயமே இல்லாமல் படத்தில் வந்தன. மைத்தி பிறகு மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியரானார்.

சாயமே இல்லாமல் பார்ப்பது மனிதர்களுக்கு ரொம்ப முக்கியம். எலிக்கு மரபணு மாற்றலாம், நோயாளிக்கு முடியாது. நல்ல வேளையாக நம் தோலில் தானாக ஒளிரும் பொருள்கள் நிறைய உண்டு. செல்லின் ஆற்றல் கணக்கில் வரும் நாட்ஹெச், மீள்தன்மை தரும் எலாஸ்டின், நிறம் தரும் மெலனின் எல்லாம் இரு ஃபோட்டானுக்கு ஒளிரும். கொலாஜன் இன்னும் விசித்திரம். ஒளியை விழுங்காமலேயே, 800 நானோமீட்டரில் வரும் இரண்டு ஃபோட்டானை ஒட்டி 400 நானோமீட்டரில் ஒன்றாக வெளியே விடும். விழுங்காததால் வெளுப்பதும் இல்லை. கொலாஜன் சரியாக அடுக்கி முறுக்கியிருந்தால்தான் இது நடக்கும் என்பதால், தழும்பிலும் புற்றுக்கட்டியைச் சுற்றியும் நார்கள் எப்படிக் கலைந்திருக்கின்றன என்று பார்க்க உதவுகிறது.

இதை வைத்துத் தோலை வெட்டாமலேயே மச்சத்தைச் சோதிக்கும் கருவிகள் ஜெர்மனியில் செய்யப்பட்டு மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்திருக்கின்றன. எல்லா மருத்துவமனைக்கும் வராததற்குக் காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. ஒரு தடவைக்குத் தெரியும் பரப்பு ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி, தோலில் ஆழம் 200 மைக்ரான் பக்கம். மச்சமோ பல மில்லிமீட்டர். நோயாளி மூச்சு விட்டால் படம் நகரும். ஃபெம்டோ வினாடி லேசரோடு சேர்த்து ஒரு முழு அமைப்பின் விலை கோடி ரூபாய்க் கணக்கில் போகும். கத்தியால் ஒரு துண்டை எடுத்து நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்புவது இன்றைக்கும் மலிவு, பல நேரங்களில் அதுவே வேகமும்கூட.

கருவியைச் சிறிதாக்கும் வேலையில் முன்னேற்றம் அதிகம். 2017-இல் பீக்கிங் பல்கலைக்கழகக் குழு சுமார் 2 கிராம் எடையில் இரு ஃபோட்டான் நுண்ணோக்கி ஒன்றைச் செய்து, ஓடியாடும் எலியின் தலையிலேயே பொருத்திவிட்டது. லேசர் மட்டும் மேசையில் இருக்கும், அதிலிருந்து மெல்லிய ஒளியிழை வழியாகத் துடிப்புகள் எலிக்கு வரும். இழைக்குள் போகும்போது துடிப்பு நீண்டு உச்சம் குறைந்துவிடும் என்பதால், நடுவில் காற்று இருக்கும் தனி ரக இழை தேவைப்பட்டது. தலையைச் சட்டத்தில் பூட்டாமல், எலி அதன்பாட்டுக்கு நடமாடும்போதே அதன் நியூரான்களைப் பார்க்க இப்போது முடிகிறது.